டாலர் செய்தியும் ரூபாய் வரிசையும்

ரிங்கிட் சரிந்தது என்று காலை வானொலியில் சொல்லிவிட்டால், அன்று கடைக்கு எப்படிப்பட்ட கூட்டம் வரும் என்று எனக்குத் தெரியும். மாற்ற வருபவர்கள் குறைவு, விசாரிக்க வருபவர்கள் அதிகம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனில் ஒரு பணமாற்றுக் கடையின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது. பொருளாதாரம் படித்தவன் இல்லை. ஆனால் அன்றைய பொருளாதாரச் செய்திக்கு அன்றைக்கே ஆள் வந்து பதில் சொல்லிவிட்டுப் போகும் இடம் இது. அந்த வகையில் பேராசிரியர்களைவிட எனக்கு ஒரு வசதி உண்டு.

2024 பிப்ரவரி 20-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அன்று ஒரு டாலர் ஏறக்குறைய 4.80 ரிங்கிட்டைத் தொட்டது. 1998 ஜனவரிக்குப் பிறகு இவ்வளவு கீழே போனதில்லை என்று எல்லாச் செய்தியிலும் அதுதான். காலையில் வந்த ஓர் அம்மா முகத்தைப் பார்த்ததும் செய்தி கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்று தெரிந்தது.

“என்னா தம்பி இது, வெள்ளி விழுந்துருச்சுங்கிறாங்க. நான் திருச்சிக்குப் போற நேரமாப் பாத்தா விழணும்?”

ஆயிரம் வெள்ளிக்கு, அதாவது ஆயிரம் ரிங்கிட்டுக்கு, எத்தனை ரூபாய் வரும் என்று கணக்குப் பொறியில் தட்டி அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். சுமார் 17,000. பிறகு இன்னொரு கணக்கையும் தட்டினேன். 1996-இல், ஒரு டாலர் இரண்டரை வெள்ளியாக இருந்தபோது, நாங்களெல்லாம் இன்றுவரை பொற்காலம் என்று சொல்லிக்கொள்ளும் அந்த ஆண்டில், அதே ஆயிரம் வெள்ளிக்குக் கிடைத்தது 14,000 ரூபாய் சொச்சம். அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. நான் ஏதோ கண்கட்டு வித்தை காட்டுகிறேன் என்று நினைத்தார். விஷயம் எளிது. அன்று ஒரு டாலருக்கு 35, 36 ரூபாய். 2024-இல் 83 ரூபாய். வெள்ளியும் விழுந்தது, ரூபாயும் விழுந்தது. ரூபாய் கூடுதலாக விழுந்தது.

அவருக்குப் பின்னால் நின்றவரின் மகள் சிங்கப்பூரில் படிக்கிறாள். அவரிடம் இந்தக் கணக்கைக் காட்டி ஆறுதல் சொல்ல முடியாது. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்றரை ரிங்கிட்டுக்கு மேல் எண்ணி வைத்தார். 1973 மே மாதம்வரை இரண்டு நாட்டுக் காசும் ஒன்றுக்கு ஒன்று என்று கைமாறியவை. அவருடைய அப்பா காலத்தில் ஜொகூர் பாலத்தைத் தாண்டும்போது யாரும் பணம் மாற்றியதில்லை. ஒரே நாள், ஒரே செய்தி, ஒரே வரிசை. முன்னால் நின்றவருக்கு அது லாபம், பின்னால் நின்றவருக்கு அது இடி.

அன்றாடப் பொருளாதாரச் செய்தியைப் பற்றி எனக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது என்றால் அது இதுதான். செய்தியில் ஒரு விலை வருகிறது. எங்கள் பலகையில் இருபது விலைகள் இருக்கின்றன. கேட்பவர் தன்னுடைய விலை எது என்று தெரியாமலேயே அந்த ஒற்றை விலைக்குச் சிரிக்கிறார், அழுகிறார்.

நான் கிள்ளான்காரன். பள்ளிப் படிப்பு முடிந்து, சும்மா இருக்க வேண்டாம் என்று மாமா ஒருவர் இந்தக் கடையில் சேர்த்துவிட்டார். முதலாளி இராமநாதபுரம் பக்கத்து முஸ்லிம். எல்லோருக்கும் அவர் பாய், எனக்கும் பாய். கோலாலம்பூரில் பணத்தைக் கையாளும் தொழிலில் நம்மவர்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. லெபோ அம்பாங்கில் செட்டியார்கள் கிட்டங்கி வைத்து வட்டிக்குக் கொடுத்தார்கள். நாணயம் மாற்றும் தொழில் பெரும்பாலும் தமிழ் முஸ்லிம்கள் கையில் இருந்தது. பெட்டிக்கடை அளவு இடம், ஒரு மேசை, ஒரு இரும்புப் பெட்டி. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைவிட, யாரிடம் ஒரு போன் போட்டால் என்ன கிடைக்கும் என்பதுதான் முதல்.

பாய் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது விலை அல்ல, தாள். டாலரில் பெரிய தலை, சின்னத் தலை என்று பிரிக்க வேண்டும். 1996-க்கு முந்திய சின்னத் தலை நோட்டுக்கு விலை குறைவு. 2013-இல் நீலப் பட்டையோடு புது நூறு டாலர் வந்த பிறகு பெரிய தலைக்கும் பழசு என்ற பெயர் வந்துவிட்டது. மடிப்பு, மைக்கறை, யாரோ போட்ட சின்ன முத்திரை எல்லாவற்றுக்கும் விலையில் வெட்டு உண்டு. பழைய இந்திய நோட்டுக் கட்டுகளில் வங்கிக்காரர்கள் அடித்த கம்பி ஊசியின் ஓட்டை இருக்கும். ரிசர்வ் வங்கி அதை நிறுத்தச் சொன்ன பிறகும் நெடுநாள் அந்த ஓட்டை விழுந்த தாள்கள் வந்துகொண்டிருந்தன. புதிதாக வேலைக்கு வருபவன் ஓட்டையைப் பார்த்துக் கள்ள நோட்டு என்று பதறுவான். கட்டை இயந்திரத்தில் போடுவதற்கு முன் ஒருமுறை விரலால் எண்ணு என்பார் பாய். இயந்திரம் எண்ணிக்கைதான் சொல்லும், தாள் எப்படி இருக்கிறது என்று விரல் சொல்லும் என்பது அவர் வாதம். இன்றும் நான் அப்படித்தான் எண்ணுகிறேன்.

பிறகுதான் பலகை. வாங்கும் விலை ஒரு பத்தி, விற்கும் விலை ஒரு பத்தி. இடையில் இருக்கும் வித்தியாசம்தான் கடை வாடகை, என் சம்பளம், பாயின் வீடு எல்லாம். ரூபாயை நூறு ரூபாய்க்கு இத்தனை வெள்ளி என்று எழுதுவோம். ஆனால் யாரும் அப்படிக் கேட்பதில்லை. “ஆயிரம் வெள்ளிக்கு எவ்ளோ குடுப்பீங்க?” என்றுதான் கேட்பார்கள். அப்படியே நாங்களும் சொல்வோம். மூவாயிரம் வெள்ளிக்கு மேல் போனால் அடையாள அட்டை கேட்க வேண்டும். கேட்டால் கோபித்துக்கொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1998-இல் ஒரு சட்டமும் 2011-இல் அதைவிடக் கண்டிப்பான இன்னொரு சட்டமும் வந்து, மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் உரிமம் சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டப்பட்ட பிறகு, இது பெட்டிக்கடைத் தொழிலாக இல்லாமல் போய்விட்டது. நல்லதுதான். ஆனால் பழையபடி முகத்தைப் பார்த்து நம்பிக் கொடுக்கும் பழக்கமும் அதோடு போனது.

செய்தியில் வரும் விலைக்கும் எங்கள் பலகைக்கும் ஏன் பொருந்துவதில்லை என்று தினமும் யாராவது கேட்கிறார்கள். செய்தியில் வருவது வங்கிகள் தங்களுக்குள் மில்லியன் கணக்கில் கணினியில் கைமாற்றிக்கொள்ளும் விலை. என் மேசையில் இருப்பது தாள். அந்தத் தாளை யாராவது விமானத்தில் கொண்டுவந்திருக்க வேண்டும். இந்திய நோட்டுக்கு இது இன்னும் இறுக்கம். இந்தியாவை விட்டுப் புறப்படுபவர் கையில் 25,000 ரூபாய்க்கு மேல் எடுத்துவரக் கூடாது. வெளியிலிருந்து போகிறவருக்கும் அதே வரம்புதான். ஆகவே ரூபாய்த் தாள் எங்களுக்குச் சிறு சிறு கையாகத்தான் வந்து சேர்கிறது: இங்கே சுற்றிப் பார்க்க வந்தவர், ஊரிலிருந்து வேலைக்குத் திரும்பியவர், கல்யாணத்துக்குப் போய்விட்டு மிச்சத்தோடு வந்தவர். பள்ளி விடுமுறையிலும் சபரிமலை சீசனிலும் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்கும்போது, உலகச் சந்தையில் ரூபாய் என்ன ஆட்டம் ஆடினாலும் எங்கள் தெருவில் அதன் விலை ஏறும். “நியூஸ்ல வெள்ளி ஏறிருச்சுன்னாங்க, நீங்க மட்டும் ஏத்தலயே பாய்” என்பார்கள். இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தவன் எவனும் பாய்தான் இந்தத் தெருவில், என் நெற்றியில் திருநீறு இருந்தாலும்.

1997-இல் நான் இன்னும் விரலால் எண்ணப் பழகிக்கொண்டிருந்தேன். ஜூலை 2-ஆம் தேதி தாய்லாந்து பாட்டைக் கைவிட்டது. அதே மாதம் 14-ஆம் தேதி பேங்க் நெகாராவும் ரிங்கிட்டைத் தாங்கிப் பிடிப்பதை நிறுத்தியது. அதுவரை பலகையில் டாலர் வரியை வாரத்துக்கு ஒருமுறை மாற்றினால் பெரிது. அதற்குப் பிறகு மதியத்துக்குள் இரண்டு முறை, மூன்று முறை அழித்து எழுதினோம். 1998 ஜனவரி 7-ஆம் தேதி 4.885. இன்றுவரை அதுதான் அடிமட்டம்.

அந்த ஜனவரியில் வந்தவர்களை மறக்க முடியவில்லை. வெளிநாட்டில் பிள்ளையைப் படிக்க வைத்திருந்தவர்கள்தான் அதிகம். பிரிட்டன், ஆஸ்திரேலியா என்றால் புரிகிறது. இந்தியாவில் மருத்துவம் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர்களும் வந்து டாலர் கேட்டார்கள். வெளிநாட்டு மாணவர்களுக்குக் கட்டணம் டாலரில். வாடகை, சாப்பாடு ரூபாயில், படிப்பு டாலரில் என்று ஒரே பிள்ளைக்கு இரண்டு நாணயம். பத்திரிகையில் 4.88 என்று பார்த்ததும், நாளை 5 ஆகிவிடும், 6 ஆகிவிடும் என்று மூன்று ஆண்டுக் கட்டணத்துக்கும் சேர்த்து அன்றே வாங்கிக்கொண்டவர்கள் உண்டு. மார்ச் மாதம் டாலர் 4 வெள்ளிக்குக் கீழே வந்துவிட்டது. அவர்கள் முட்டாள்கள் இல்லை. அன்றைய நாளிதழைக் கையில் வைத்துக்கொண்டு யார் நின்றாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் நான் அன்றிலிருந்து ஒன்றைக் கவனித்து வருகிறேன்: தலைப்புச் செய்தி பார்த்து வருபவர் உச்ச விலையில்தான் வாங்குகிறார். ஏனென்றால் விலை உச்சத்துக்குப் போனால்தான் அது தலைப்புச் செய்தியாகிறது.

செப்டம்பர் 1-ஆம் தேதி பணக் கட்டுப்பாடு. மறுநாள் டாலர் 3.80 என்று கட்டிப் போட்டார் அன்றைய பிரதமர் மகாதீர். அதே மறுநாள் அன்வாரைத் துணைப் பிரதமர் பதவியிலிருந்தும் நிதியமைச்சர் பதவியிலிருந்தும் நீக்கினார். கடைக்கு வந்தவர்கள் பேசியதெல்லாம் இரண்டாவது செய்திதான். எங்கள் தொழிலுக்கு முதலாவது செய்திதான் பெரிது. நாட்டை விட்டுப் போகிறவர் ஆயிரம் வெள்ளிக்கு மேல் ரிங்கிட் தாளாகக் கொண்டுபோக முடியாது. வெளிநாட்டில் கிடக்கும் ரிங்கிட் அக்டோபர் 1-ஆம் தேதியிலிருந்து செல்லாது. சிராங்கூன் ரோட்டில் சொந்தக்காரர் கடை வைத்திருந்தவர்களெல்லாம் அந்த ஒரு மாதம் சிங்கப்பூருக்கும் இங்கும் நடையாய் நடந்தார்கள். 500, 1,000 ரிங்கிட் தாள்களும் 1999 ஜூலை 1-ஆம் தேதியோடு செல்லாமல் போயின.

அந்தக் கட்டுப்பாட்டை உலகமே திட்டியது. பின்னால் அதே உலகத்தில் பாதிப் பேர் பாராட்டினார்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தால் ஒன்று சொல்லலாம்: டாலர் வரி 2005 ஜூலை 21 வரை அநேகமாக அசையவே இல்லை, மற்ற எல்லா வரியும் அசைந்துகொண்டே இருந்தது. கட்டியது டாலரோடு மட்டும்தானே. ரூபாய் டாலருக்கு எதிராக அசைந்தால் எங்களுக்கு எதிராகவும் அசையும். ஒரேயொரு கூட்டத்துக்கு மட்டும் அந்த ஏழு ஆண்டுகள் வரமாக இருந்தன. சவூதி ரியாலும் டாலரோடு 3.75 என்று கட்டப்பட்டது. நம்முடையது 3.80. ஆகவே ஒரு ரியால் ஒரு வெள்ளி ஒரு காசு. உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் போன மூத்தவர்கள் மக்காவில் கணக்கே போடாமல் சாமான் வாங்கினார்கள். 2024 பிப்ரவரியில் அதே ஒரு ரியாலுக்கு ஒரு வெள்ளி இருபத்தேழு காசு. முதல் ஹஜ் போய்வந்த நினைவோடு இரண்டாவது முறை புறப்பட்ட பெரியவர்களுக்கு இதை விளக்குவது பெரும் பாடு.

கட்டு அவிழ்ந்த அந்த 2005 மாலையை நாங்கள் பெரிதாக எதிர்பார்த்துக் காத்திருந்தோம். சீனா யுவானை அவிழ்த்த அதே நாள், நம் பேங்க் நெகாராவும் அவிழ்த்தது. பாய் மறுநாள் சுபுஹு தொழுகை முடிந்த கையோடு கடைக்கு வந்துவிட்டார். டாலர் ஓரிரு காசு இறங்கியது. அவ்வளவுதான். புதுத் துணி வாங்கிப் பலகை துடைத்ததுதான் மிச்சம்.

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் எங்களுக்கு ஒரு சிறிய கடை உண்டு. வாரத்தில் சில நாள் அங்கே உட்காருவேன். பிரிக்பீல்ட்ஸ் ஆட்களுக்கும் கிள்ளான் ஆட்களுக்கும் பெரிய வித்தியாசம். கே.எல். சென்ட்ரலில் இறங்கி நடந்து வருபவர்கள் பயணிகள். கிள்ளானில் வருபவர்கள் வியாபாரிகள். அங்கே ஒரு துணிக்கடைக்காரர் இருக்கிறார். தீபாவளிச் சரக்கு எடுக்கச் சென்னைக்கும் சூரத்துக்கும் போவார். செய்தி வாசிப்பவர்கள் எல்லோரையும்விட அவருக்குக் கணக்குத் தெளிவு. சூரத்துக்காரன் பில் போடுவது டாலரில், அதை வங்கி வழியாக அனுப்புகிறார். அங்கே போய்த் தங்க, சாப்பிட, வண்டி பிடிக்க, சில்லறைச் சரக்கு எடுக்க ரூபாய் வேண்டும். அதற்கு என்னிடம் வருகிறார். 2024 தொடக்கத்தில் டாலர் அவரைக் கடித்தது, ரூபாய் தடவிக் கொடுத்தது. “ரெண்டையும் கூட்டிப் பாத்தா?” என்று கேட்டேன். “கூட்டிப் பாத்தா கன்டெய்னர் வாடகைதான் என்னைத் தின்னுருச்சு தம்பி” என்றார். கப்பல் வாடகையும் டாலரில்தான்.

துறைமுகத்தில் அனுப்பீட்டு வேலை பார்ப்பவர்களும் வருவார்கள். 2025 ஏப்ரலில் அமெரிக்கா மலேசியப் பொருளுக்கு 24 விழுக்காடு வரி என்றபோது அவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு நிறுத்திவைப்பு, பிறகு 25 என்று ஒரு கடிதம், கடைசியில் ஆகஸ்டில் 19. அந்த மாதங்களில் கிள்ளானில் யாரும் ரிங்கிட் விலையைப் பற்றிக் கேட்கவில்லை. பெட்டி ஏறுமா ஏறாதா என்பதுதான் பேச்சு.

எங்கள் தெருவுக்கு வந்த ஆகப் பெரிய பொருளாதாரச் செய்தி எது என்று கேட்டால், ரிங்கிட்டைப் பற்றியதே அல்ல. 2016 நவம்பர் 8. இந்திய நேரம் இரவு எட்டு மணிக்கு மோடி தொலைக்காட்சியில் தோன்றி, 500, 1,000 ரூபாய் நோட்டுகள் நள்ளிரவோடு செல்லாது என்றார். இங்கே அப்போது இரவு பத்தரை. கடைகளெல்லாம் பூட்டியாகிவிட்டது. விடிந்தபோது பலகையிலிருந்து இந்தியாவின் பெயரையே அழித்துவிட்டுத்தான் கடைகள் திறந்தன.

அதற்குப் பிறகுதான் தெரிந்தது இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனை வீட்டு அலமாரிகளில் ரூபாய் உறங்கிக்கொண்டிருந்தது என்று. யாரும் கறுப்புப் பணம் வைத்திருக்கவில்லை. போன பயணத்தின் மிச்சம். அடுத்த முறை விமானத்தில் இறங்கியதும் டாக்சிக்கு ஆகும் என்று வைத்தது. பழனியில் பேரனுக்கு மொட்டை போட நேர்ந்துகொண்டு மஞ்சள் துணியில் முடிந்து வைத்தது. குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்துக்கு உறவுக்காரர்கள் சேர்த்துக் கொடுத்தது. ஒரு பாட்டி கைப்பையிலிருந்து எடுத்த நோட்டுகளில் கற்பூர வாசம் அடித்தது. இந்தியாவில் இருப்பவர்கள் டிசம்பர் 30-க்குள் வங்கியில் கட்டலாம். அந்த நாட்களில் வெளிநாட்டில் இருந்த இந்தியக் குடிமக்களுக்கு மார்ச் வரையும், வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கு ஜூன் வரையும் ரிசர்வ் வங்கியின் சில அலுவலகங்களில் வழி இருந்தது. மலேசியக் குடியுரிமை உள்ள தமிழன் இதில் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவன் கையில் இருந்தது வெளிநாட்டுக்காரனின் கையில் இருந்த இந்திய நோட்டு. பாட்டிக்கு அதை எப்படிச் சொல்வது? “இந்தியாக்காரங்கதானே நம்ம எல்லாம்” என்றார். ஊருக்குப் போகும் யாரிடமாவது கொடுத்தனுப்பி, டிசம்பருக்குள் உறவுக்காரர் கணக்கில் போடச் சொல்லுங்கள் என்றேன். பலர் அப்படித்தான் செய்தார்கள். முழுப் பணமும் திரும்பி வந்ததா என்பது அவரவர் உறவைப் பொறுத்தது.

1998-ஐயும் 2016-ஐயும் இதே நாற்காலியிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். மகாதீர் வெளியில் கிடந்த ரிங்கிட்டுக்கு ஒரு மாதம் கொடுத்தார். சிராங்கூன் ரோட்டுக் கடைக்காரர் முணுமுணுத்தாலும் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். நான்கு மணி நேரம் என்பது வேறு. 2023 மே மாதம் 2,000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறும்போது ரிசர்வ் வங்கி மாதக்கணக்கில் அவகாசம் கொடுத்தது. அப்போதும் எங்கள் தெருவில் அந்த நோட்டைக் கண்டால் மறுநாளே கைகள் பின்வாங்கின. நம்பிக்கை ஒருமுறை போனால் அறிவிப்பு எவ்வளவு நிதானமாக வந்தாலும் யாரும் நிதானமாக வாசிப்பதில்லை.

கோவிட் காலத்தை வேகமாகக் கடந்துவிடுகிறேன், சொல்ல ஒன்றுமில்லை. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு, எல்லைகள் மூடல். 2022 ஏப்ரல் 1-இல்தான் திறந்தார்கள். பயணி இல்லாத ஊரில் பணமாற்றுக் கடைக்கு என்ன வேலை? பலர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பாய் அந்தக் காலத்தில் காலமானார். கடையை இப்போது அவர் மகன் பார்க்கிறார். அவருக்கு நான் அண்ணன்.

திறந்த பிறகு வந்த உலகம் வேறு. இளைஞர்கள் கைப்பேசிச் செயலியில் மாற்றிக்கொள்கிறார்கள், அட்டையைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். தி.நகரில் புடவைக்கு அட்டை செல்லுமே, பிறகு எதற்குத் தாள் என்கிறார்கள். கோயில் வாசலில் செருப்பைப் பார்த்துக்கொள்பவருக்கு எதைத் தட்டுவீர்கள் என்று கேட்டால் சிரிக்கிறார்கள். 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று ஆனதும் எங்களுக்கு எதிர்த்திசையில் கூட்டம் வந்தது. குடும்பம் குடும்பமாகச் சென்னை, கோவை, மதுரைக்காரர்கள். அவர்கள் ரூபாயைக் கொடுத்து வெள்ளி வாங்குகிறார்கள். எங்கள் தாள் தட்டுப்பாடு கொஞ்சம் தீர்ந்தது.

அந்த இரண்டு திசையையும் வைத்துத்தான் 2024, 2025-ஐ நான் பார்க்கிறேன். 2024 ஜூன் முடிவில் ஒரு டாலர் 4.70-க்கு மேல்; செப்டம்பர் முடிவில் 4.12. மூன்று மாதம். அரசு சார்ந்த நிறுவனங்கள் வெளிநாட்டு வருமானத்தைக் கொண்டுவந்து ரிங்கிட்டாக மாற்ற வேண்டும் என்று ஊக்கப்படுத்தினார்கள், அமெரிக்காவிலும் வட்டி இறங்கத் தொடங்கியது. பிப்ரவரியில் எதிர்க்கட்சி ரிங்கிட்டைக் காட்டிப் பிரதமரைத் திட்டியது. செப்டம்பரில் ஆளுங்கட்சி அதே ரிங்கிட்டைக் காட்டி மார் தட்டியது. அமெரிக்க வட்டியை இரண்டு தரப்பும் வசதிப்படி மறந்துவிட்டன. 2025 இறுதியில் டாலர் 4.10-க்கும் கீழே வந்தது. அதே டிசம்பரில் இந்திய ரூபாய் டாலருக்கு 90-ஐத் தாண்டியது. இரண்டும் சேர்ந்து ஆயிரம் வெள்ளிக்கு 22,000 ரூபாய் என்று பலகை காட்டியது. நான் இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து பார்க்காத விலை.

இந்தத் தெருச் சாப்பாட்டுக் கடையில் புதுக்கோட்டைத் தம்பி ஒருவன் பரோட்டா போடுகிறான். அவன் சம்பளம் குறைந்தபட்சச் சம்பளம். 2024 பிப்ரவரியில் அது 1,500 வெள்ளி, ஊரில் ஏறக்குறைய 26,000 ரூபாய். 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி. ஆண்டு முடிவில் அதன் மதிப்பு 37,000 ரூபாய். பிடித்தம், சாப்பாடு என்று கழிவுகள் இருக்கட்டும். இரண்டு ஆண்டுக்குள் பதினோராயிரம் ரூபாய் கூடியிருக்கிறது, அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சம்பள உயர்வால் வந்தது. மற்றது முழுக்க நாணயத்தின் வேலை. அவனுக்கு இது தெரியும். தினமும் மதிய ஓய்வில் மாவுக் கையோடு வந்து பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவான். அனுப்புவது செயலியில், பார்ப்பது மட்டும் எங்கள் பலகையில். “பாத்தா திருப்தியா இருக்கு அண்ணே.”

அதே பலகையின் கீழே கோவைக் குடும்பம் ஒன்று நின்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. 10,000 ரூபாய்க்கு 2024 தொடக்கத்தில் சுமார் 575 வெள்ளி கிடைத்திருக்கும். அந்த 2025 டிசம்பரில் 450-ஐ எட்டுவதே பெரிதாக இருந்தது. கெந்திங் போவதா வேண்டாமா என்று கணவன் மனைவிக்குள் வாக்குவாதம். ரூபாய் 90-ஐத் தாண்டியதற்கு அங்கே தொலைக்காட்சியில் கவலையோடு விவாதம் நடந்துகொண்டிருந்த அதே வாரத்தில், இங்கே தைப்பூசத்துக்கு முன்பே ஊருக்குப் போய்வந்துவிடலாமா என்று ஆட்கள் பயணச்சீட்டு விலை விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

இத்தனை பேர் வாழ்க்கையைத் தொடும் இந்த ரூபாய்க் கணக்கு மாலைச் செய்தியில் வருகிறதா என்றால், வருவதில்லை. தேசியச் செய்தி நிறுவனமான பெர்னாமா தினமும் மாலையில் ரிங்கிட் நிலவரம் வெளியிடும். டாலர் முதலில். பிறகு யென், பவுண்ட், யூரோ. பிறகு அண்டை நாடுகள்: சிங்கப்பூர் வெள்ளி, தாய் பாட், ருப்பியா, பெசோ. ரூபாய்க்கு அதில் வரி கிடையாது. வங்காளதேச டாக்காவுக்கும் நேப்பாள ரூபாய்க்கும் கிடையாது. இந்த நாட்டுக் கட்டடங்களையும் காவல் சாவடிகளையும் சாப்பாட்டுக் கடைகளையும் தாங்கிக்கொண்டிருப்பவர்களின் ஊர்க்காசு அவை. ஏற்றுமதி, இறக்குமதி அளவைப் பார்த்துப் பட்டியல் போட்டால் அப்படித்தான் வரும், அதில் யார் குற்றமும் இல்லை. ஆனால் நம் ஆட்களுக்கு ரூபாய் விலை எங்கிருந்து கிடைக்கிறது என்றால், எங்கள் பலகையிலிருந்து. கடைக்கு வெளியே நின்று கைப்பேசியில் படம் எடுப்பார்கள். அது குடும்பக் குழுவுக்குப் போகும், அங்கிருந்து கோயில் குழுவுக்கு, அங்கிருந்து ரவாங்குக்கும் பந்திங்குக்கும் சிரம்பானுக்கும். அதில் தேதி இருப்பதில்லை. போன வாரம் ஒருவர் காஜாங்கிலிருந்து ரயில் ஏறி வந்து கைப்பேசியை நீட்டினார். எங்கள் பலகைதான், என் கையெழுத்துதான். “இதுல இருக்கிற விலைக்கே குடுங்க பாய், உங்க கடை போட்ட விலைதானே” என்றார். படத்தை விரித்துப் பார்த்தேன். ஓரத்தில் பாய் நின்றுகொண்டிருந்தார்.

“அண்ணே, இது கோவிட்டுக்கு முந்தி எடுத்தது.”

“இருக்கட்டுமே,” என்றார் அவர், “அன்னைக்கு ரேட்டு நல்லாருந்துச்சா, இன்னைக்கு நல்லாருக்கா?”

கணக்குப் பொறியை எடுத்து இரண்டையும் தட்டி அவர் பக்கம் திருப்பினேன். பார்த்துவிட்டு, அப்படியானால் இன்றைய விலைக்கே இரண்டாயிரம் வெள்ளிக்கு மாற்றிக் கொடுங்கள், நூறு ரூபாய்த் தாள் கொஞ்சம் சேர்த்து வையுங்கள் என்றார்.